ஏழாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் அவளுடைய வாராந்திரப் பத்தி இதழுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மணி ஒன்றே முக்கால். ஏழு ஆல்பங்களில் ஆறைக் கேட்டு எழுதியாகிவிட்டது.

வாசகர்கள் அவளைக் 'காதம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாரா வாரம் வெளியாகும் ராக், மெட்டல், எலக்ட்ரானிக் ஆல்பங்களில் எதைக் கேட்கலாம், எதைச் சீண்டவே வேண்டாம் என்று பதினோரு வருஷமாக ஓர் இணைய இதழில் எழுதுகிறாள். காதம்மா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதற்கு ஒரு கூட்டமே இருந்தது. அந்த வாரச் சரக்கும் ஒன்றும் மோசமில்லை. மூன்றே பேர் சேர்ந்து போட்ட ராக் ஆல்பம் ஒன்று, கிட்டாரைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, அடிநாதம் தரும் பேஸை முன்னால் விட்டிருந்தது. ஒரு மெட்டல் குழுவின் டிரம்மர் இரண்டு காலாலும் மிதித்த மிதியில் அவளுக்கே மூச்சு வாங்கியது. இரண்டையும் தாராளமாகப் பாராட்டியிருந்தாள்.

ஏழாவது ஆல்பம் அன்று காலையில்தான் மின்னஞ்சலில் வந்தது. குழுவின் பெயர் இல்லை. 'எலக்ட்ரானிக். ஐந்து பாட்டு. எழுதினால் சந்தோஷம்.' அவ்வளவுதான் கடிதம்.

முதல் நான்கு பாட்டையும் கேட்டாள். தாளமே கிடையாது. ஆளில்லாத அறையில் ஏதோ ஒரு மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் அடித்தொண்டை முனகல், அதற்கு மேல் எப்போதாவது ஒரு சொட்டு மணியோசை. கேட்கக் கேட்கப் பிடரி குளிர்ந்தது. அட, நன்றாகத்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். கடைசிப் பாட்டு பதினொரு நிமிஷம். அதைக் கேட்க நேரமில்லை.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வெளியே சொல்லாத ஒரு தில்லுமுல்லு உண்டு. கடைசிப் பாட்டை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. அழகாக ஒரு வரி ஜோடித்துப் போட்டுவிடுவார்கள். அவளும் கூச்சப்படாமல் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள்.

பக்கத்து அறையில் அவளுடைய ஐந்து வயது மகள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சரியான வாயாடி. தூக்கத்தில்கூட வாய் ஓயாது. அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் கை அதையே எழுதியது.

'கடைசிப் பாட்டில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் வருகிறது. உள்ளே போன அந்தக் குரல் பிறகு வெளியே வருவதே இல்லை.'

வரி பிரமாதமாக வந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பட்டனை அழுத்தி அனுப்பினாள். பத்தி உடனே இதழின் தளத்தில் ஏறியது.

பக்கத்து அறையில் பாடம் நின்றது.

தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காப்பி போடப் போனாள். திரும்பி வந்தபோது பெயரில்லாத அந்தக் குழுவிடமிருந்து ஒரு பதில் வந்திருந்தது.

'நன்றி. கடைசிப் பாட்டில் நாங்கள் குரல் எதுவும் வைக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி கேட்டோம். இருக்கிறது.'

குட்டு உடைந்துவிட்டது என்று முதலில் வெட்கமாக இருந்தது. நக்கலடிக்கிறார்கள் என்று கோபமும் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டாள். மூன்று நிமிஷம் அதே முனகல்தான்.

"நீ பின்னாடி போய் உக்காரு. பேசினா மிஸ்ஸுக்குக் கோவம் வரும்."

கையிலிருந்த காப்பி சிந்தியது.

"அம்மா?"

முனகலுக்கு உள்ளே, வெகு ஆழத்திலிருந்து மகளின் குரல்.

"அம்மா, இங்க ஒரே இருட்டா இருக்கும்மா."

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினாள். நல்ல வெயில் ஜன்னல் வழியாக அறை முழுக்க விழுந்துகிடந்தது. மகள் பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது, மூடியது. கண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் சாப்பாட்டுக்கு வந்தவன், குழந்தையை மடியில் வைத்து டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தான்.

"நேத்து ஐஸ் தின்னால்ல, தொண்டை கட்டியிருக்கும். இதுக்குப் போய் ஏன் இப்படி நடுங்கறே?"

அவள் பேசாமல் ஹெட்போனை அவன் காதில் வைத்தாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"இதை எப்பப் பதிவு பண்ணே?" என்றான் ரகசியக் குரலில்.

"நான் பண்ணலைங்க."

திரும்பப் போட்டுக் கேட்டார்கள். அந்த 'அம்மா' இப்போது இன்னும் தள்ளிப் போயிருந்தது. மூன்றாவது தடவை கிணற்றுக்கு அடியிலிருந்து வந்தது. நான்காவது தடவை கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் ஒன்றிரண்டு தடவையில் பிள்ளையின் குரல் ஒரேயடியாகப் போய்விடும் என்று தோன்றியது.

தான் எழுதிய பொய்தான் அப்படியே பலிக்கிறது என்று புரிந்ததும் எடிட்டருக்குப் போன் போட்டாள்.

"சார், ஏழாவது ஆல்பத்தை நான் திருத்தணும். கடைசிப் பாட்டைக் கேக்காமலே எழுதிட்டேன்."

"காதம்மா, விளையாடாதீங்க. இது வெளிய தெரிஞ்சா அப்புறம் உங்களை எவன் நம்புவான்? பத்தியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"மூடிக்கோங்க சார். எனக்கு என் பொண்ணு பேசணும்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவள் போனை வைத்துவிட்டு, பத்தியைத் திறந்து அந்த இரண்டு வரிகளையும் அழித்தாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு வேகமாக அவள் எழுதியதே இல்லை.

'கடைசிப் பாட்டை நான் கேட்காமலே எழுதினேன். பொய் சொன்னேன். அதில் எந்தப் பெண்ணும் இல்லை. எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை.'

அழுத்தினாள்.

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுக்களையில் குழாய் சொட்டியது. பக்கத்து அறையிலிருந்து திடுதிடுவென்று காலடிச் சத்தம் வந்தது. கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் அழுதுகொண்டே சிரித்தான். குழந்தையும் சிரித்தாள், கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னாள், அவனும் தலையை ஆட்டிப் பதில் சொன்னான்.

அப்பாடா, பிழைத்தோம் என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

பிறகுதான் உறைத்தது.

இரண்டு பேரும் பேசுகிறார்கள். உதடுகள் அசைகின்றன. விசிறி கேட்கிறது. குழாய் கேட்கிறது. குழந்தையின் கால் கொலுசுகூடக் கேட்கிறது.

பேச்சு மட்டும் கேட்கவில்லை.

மகள் இறங்கி ஓடிவந்து அவள் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன வாய் 'அம்மா' என்று சொன்னது. மறுபடி சொன்னது. மூச்சுக் காற்று முகத்தில் பட்டது. அவள் கத்தினாள். தொண்டை எரிந்தது. தன் கத்தலும் அவளுக்குக் கேட்கவில்லை.

திரையில் அந்தக் கடைசி வரி அப்படியே நின்றது. எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை.

மாற்றி எழுது, மாற்றி எழுது என்று மனசு அடித்துக்கொண்டது. என்ன எழுதுவது? 'கேட்கிறது' என்று எழுதினால் எது கேட்கும்? 'என் மகளின் குரல்' என்று எழுதினால் அது எங்கே இருந்து கேட்கும்? எதை எழுதினாலும் அந்தப் பாட்டு அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐயோ ஐயோ என்று சத்தமில்லாமல் அழுதாள்.

மேஜையில் ஹெட்போன் கிடந்தது. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் கீழே தொங்கியது.

அந்த ஹெட்போனுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் அசையவில்லை. கணவனும் குழந்தையும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்போ கேக்குதா, காதம்மா?"