மூன்றாவது வளைவின் வெளித்தடம்

ஊர் மதியத் தூக்கத்தில் அடங்கியிருந்த நேரத்தில் செலினா கர்மெந்தியா தன் குட்டிப் பந்தய வண்டியோடு மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்துவிட்டவர் ருஃபினோ. அவளுடைய அண்ணன் தாரியோவுக்கு மெக்கானிக்காக இருந்தவர், இப்போது அவளுக்கு.

பாம்பாஸ் சமவெளியின் தென்கோடியில், ரயில்வே தொழிலாளிகள் தங்கள் ஓய்வு நாட்களில் வெட்டிய மண் பந்தயப் பாதை அது. அந்தத் தொழிலாளிகளில் ஒருவன்தான் அன்செல்மோ லுக்கெத்தி. சுவரை ஒட்டிய வெளித்தடத்தில் அவனை யாரும் தாண்டியதில்லை. 1954இல் ஒரு புதுப்பையன் தாண்டப் பார்த்தான். அன்செல்மோ இடம் விடவில்லை. மூன்றாவது வளைவில் அன்செல்மோவே மரச்சுவரில் மோதி, வண்டியோடு எரிந்துபோனான்.

அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் போய்ப் பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் அதே வளைவில் செத்தார்கள். மூன்றாவது ஆள் தாரியோ. இரண்டு வருடமாக வெளித்தடம் காலியாகவே கிடக்கிறது. அதன் பக்கம் போக நேர்ந்தால் ஓட்டுநர்கள் மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. குலுக்கலில் செலினாவுக்கு வெளிவரிசை விழுந்துவிட்டது. நேற்று கிளப் தலைவர் வீடு தேடி வந்து, மாத்தே தேநீர் குடித்துவிட்டு, விலகிக்கொள்ளச் சொல்லி நயமாகக் கேட்டார்.

"மூணு பேரைக் கொன்னவனுக்கு மரியாதை பண்றீங்க. நான் பண்ண மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இப்போது, யாரும் பார்க்காத நேரத்தில் அந்தத் தடத்தை ஓட்டிப் பார்க்க வண்டியில் ஏறியிருந்தாள்; ருஃபினோ அவளுடைய இருக்கை வார்ப்பட்டையை இறுக்கினார்.

"ஒல்லிக்குச்சி, ஒண்ணு சொல்லணும். இத்தனை நாள் சொல்லல." அவர் குரல் இறங்கியது. "தாரியோ அன்னைக்குத் தலையைத் திருப்பி இடதுபக்கம் பாத்தான். யாரையோ பாக்குற மாதிரி. பாத்ததும் மிதியிலேருந்து காலை எடுத்துட்டான். பக்கத்துல யாருமே இல்ல."

மண்ணில் சறுக்கிக்கொண்டு திரும்பும்போது காலை எடுத்தால் சக்கரம் சட்டென்று மண்ணைக் கவ்வும்; வண்டி உருண்டுவிடும். அவளுக்கு அது தெரியும்.

"நீ பாக்காத."

"பாப்பேன், கிழவா. காலை எடுக்க மாட்டேன்."

முதல் சுற்று சாதாரணமாக முடிந்தது. இரண்டாவதில் சுவர்ப்பக்கம் ஏறினாள். வெயில் வெள்ளையாகக் கொதித்தது. பின்னால் புழுதி சுவர் போல எழுந்து நின்றது. மூன்றாவது சுற்றில் காற்று நின்றுவிட்டது.

ஒரு வாசனை வந்தது. காய்ந்து கருகிய ஆமணக்கெண்ணெய். அந்தக் காலத்து எஞ்சின்களில் ஊற்றியது. இன்று ஊரில் யாரிடமும் கிடையாது.

அவள் எஞ்சினின் இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மிதி அடிவரை அழுந்தித்தான் இருந்தது. ஆனால் காதில் எதுவும் விழவில்லை.

இடதுபக்கம் ஒரு சக்கரம் முன்னேறி வந்தது.

ஆரக்கம்பி போட்ட மெல்லிய சக்கரம். அது சுழலவில்லை.

மூன்றாவது வளைவு நெருங்கியது. பக்கத்து வண்டி அவளைச் சுவரை நோக்கி அழுத்தியது. உரசவில்லை, ஆனால் அவள் இடது தோள் வெந்தது. வலது சக்கரம் சுவரை நக்கியது. மரத்தூள் பறந்தது.

செலினா திரும்பிப் பார்த்தாள்.

தோல் தொப்பி. அதன் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி. கரியில் இரண்டு கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தாரியோ கடைசியாகப் பார்த்தது இதைத்தான்.

கால் தானாக எழப் பார்த்தது. அவள் தொடையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தாள்.

"எங்கண்ணன் எடுத்தான்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எடுக்க மாட்டேன். நீ எடு."

வளைவு முழுக்க அந்தக் கண்கள் நகரவில்லை.

அவளும் நகரவில்லை.

வளைவு முடிகிற இடத்தில் அந்தச் சக்கரம் ஒரு சாண் பின்னால் போனது. பிறகு ஒரு முழம். இரைச்சல் திடீரென்று காதுக்குள் இடித்துக்கொண்டு திரும்பி வந்தது. இடதுபக்கம் வெறும் புழுதி.

வண்டியை நிறுத்தினாள். ருஃபினோ வார்ப்பட்டையை அவிழ்த்து அவளை இறக்கினார். உடையின் இடது தோளில் துணி கருகியிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெளித்தடத்தில் போகலாம், இனி அது யாருக்கும் சொந்தமில்லை என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

சாயங்காலம் தண்ணீர் லாரி பாதையை நனைத்துவிட்டுப் போயிற்று. ஈர மண் கோடு இல்லாமல் வழவழவென்று கிடந்தது. வேலி ஓரமாக நின்றிருந்த ருஃபினோ செலினாவின் கையைப் பிடித்தார்.

சுவரை ஒட்டி ஈரம் பிளந்துகொண்டிருந்தது. இரண்டு மெல்லிய சக்கரக் கோடுகள், பாதையில் யாரும் இல்லாமல், முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது என்று நிதானமாக நீண்டன. ஒரு சுற்று முழுசாக முடிந்தது. தொடக்கக் கோட்டில், வெளிவரிசையில், நின்றன.

காத்திருப்பது போல இருந்தது.

செலினா ஹெல்மெட்டை எடுத்தாள்.

"வண்டியைத் தள்ளு, கிழவா."