கேட்பாரற்ற சாமான்கள்

புதுப் பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி, அன்று ஊர் திரும்பும் பஸ்ஸைப் பழைய எல்லை வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட நீளமான கஸ்டம்ஸ் கொட்டகை ஒன்று இருந்தது. இந்தக் கோடியில் ஒரு கதவு, அந்தக் கோடியில் ஒரு கதவு. பயணிகள் சாமான்களோடு இறங்கி, கொட்டகை வழியாக நடந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். காலி பஸ் தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போய் அங்கே நிற்கும். மழை பிடித்துக்கொண்டதால் சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது.

டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டு, கொட்டகையைப் பார்க்காமலே சொன்னார். "உள்ள யாரும் நிக்காதீங்க. நேரா நடந்து வந்துடுங்க."

கடுகுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆளும் சிறுசு, கோபம் வந்தால் படபடவென்று பொரிவதும் அப்படியே என்பதால் வந்த பெயர் அது. தொழில் குருவி. எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கிற துணி, சென்ட், சார்ஜர் எல்லாவற்றையும் பையில் திணித்து, வரி கட்டாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்து கடைகளில் சேர்ப்பவர்களைத்தான் குருவி என்பார்கள். சட்டைக்கு மேல் சட்டை போட்டு, வயிற்றில் துணியைச் சுற்றி, மாசமாக இருப்பவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டே அவள் எத்தனையோ ஆபீசர்களுக்குத் தண்ணி காட்டியிருக்கிறாள்.

இந்தத் தடவை நாத்தனாரும் கூட வந்திருந்தாள். கடையில் வேலை போய்விட்டது, தொழிலைக் கற்றுக்கொடு என்று கணவன் தன் தங்கையைத் தலையில் கட்டிவிட்டான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். ஒரு பொய் சொல்லச் சொன்னால் காது சிவந்துவிடும். வழியெல்லாம் கடுகு அவளுக்குத் தொழிலின் முதல் விதியைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆபீசர் ஒரு பையைப் பிடித்துவிட்டால் அது நம் பை இல்லை. யாருடையது என்று கேட்டால், என்னுது இல்ல சார் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

"அப்படியே விட்டுட்டு வந்துடறதா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். குழந்தையை விட்டுவிட்டு வரச் சொன்ன மாதிரி இருந்தது அவள் குரல். உங்கள் வீட்டு ஆட்களுக்குப் பிழைக்கவே தெரியாது என்று கடுகு எரிந்து விழுந்தாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கொட்டகைக்குள் ஈரச் சாக்கு நாற்றமும் அரக்கு உருக்கிய நெடியும் கலந்து வந்தது. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் பக்கவாட்டில் எதையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து அந்தக் கதவு வழியாக மறைந்தார்கள்.

நடுவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் ஆபீசர்.

பழைய காலத்துக் கஞ்சி போட்ட உடுப்பு, தொப்பி. தலை குனிந்திருந்தது. கையில் ஒரு பிரம்பு. மேசையில் விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு கைத்தடம்கூட இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு துடைக்கக்கூட மாட்டார்கள் என்று கடுகு மனசுக்குள் திட்டினாள்.

மற்றவர்களைப் போல அவளும் நடந்திருக்கலாம். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. மேசையைக் கண்டும் நிற்காமல் போகிறவள் மேல்தான் சந்தேகம் வரும். தானாக நின்று சிரிக்கிறவளை எந்த ஆபீசரும் நோண்ட மாட்டான். இது குருவிகளுக்கு மட்டுமே தெரிந்த சூட்சுமம்.

நின்றாள். சிரித்தாள். நாத்தனாரும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

பிரம்பு நீண்டு சென்ட் பாட்டில்கள் இருந்த பையைத் தொட்டது.

"இது உன்னுதா?"

சரியாக அந்தப் பையையே தொட்டானே என்று நினைத்தாள். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "என்னுது இல்ல சார்," என்றாள்.

பிரம்பு துணிப் பைக்குப் போனது. இது? இல்ல சார். போச்சு, இந்தப் பயணமே தண்டம் என்று அவள் பைகளையே வெறித்துக்கொண்டு நின்றாள். பிரம்பு இன்னொரு தரம் அசைந்தது. அது எங்கே போனது என்று அவள் பார்க்கவில்லை.

"இது?"

"இல்ல சார்."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள். பிரம்பின் நுனி தோள் உயரத்தில் இருந்தது. அங்கே தோள் இல்லை. யாருமே இல்லை.

மேசைக்குப் பின்னாலும் யாரும் இல்லை.

பைகளைப் போட்டுவிட்டுக் கடுகு ஓடினாள். வெளியே பஸ்ஸில் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் முன்னால் வந்துவிட்டாளா என்று டிரைவரைக் கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் தனியாகத்தானே ஏறினீர்கள் என்றார். உள்ளே ஆபீசர் நிறுத்தினாரே என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கொட்டகையில் மேசையும் கிடையாது, ஆபீசரும் கிடையாது. சோதனையெல்லாம் இதோ இந்த ஜன்னலில்தான் என்று வெளியே இருந்த சின்னக் கூண்டைக் காட்டினார். கூண்டிலிருந்த இளைஞன் கொட்டாவி விட்டபடி யாருடைய பையையோ கிளறிக்கொண்டிருந்தான்.

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். உன் தங்கச்சியைக் காணோம் என்று அழுதாள்.

"எனக்கு ஏது தங்கச்சி?" என்றான் அவன், ரொம்பச் சாதாரணமாக. "மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்துடுச்சா உனக்கு?"

அதைவிடப் பெரிய பயம் அடுத்த நிமிஷம் வந்தது. நாத்தனார் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். மச்சம் எந்தக் கன்னத்தில்? இடதா, வலதா? மச்சம் இருந்ததா? வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருந்தது. இன்னும் சற்று நின்றால் தானும் மறந்துவிடுவோம், மறந்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறிவிடுவோம் என்று அவளுக்குப் புரிந்தது.

அழுகை நின்றது. கோபம் வந்தது. தன் மேலும்தான், ஆனால் முக்கால்வாசி அந்த ஆபீசர் மேல். பையைப் பிடுங்கு, வரியைப் போடு, சிறையில் வை, அது உத்தியோகம். ஆளைப் பிடுங்க நீ யார்?

டிரைவர் பஸ் நிற்காது என்றார். கடுகு படியில் ஏறி, எட்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்ப நிக்கும்," என்றாள்.

வெளியே வந்த கதவு வழியாகவே உள்ளே போனாள். கொட்டகை முன்பைவிட நீண்டு கிடந்தது. மழைச் சத்தம் கதவோடு நின்றுவிட்டது. சுவரோரம், போகும்போது கண்ணில் படாத ஓர் அறைவாசல் இருந்தது. மேலே சாயம் உரிந்த பலகையில் எழுதியிருந்தது: கேட்பாரற்ற சாமான்கள்.

உள்ளே பூஞ்சை பிடித்த பெட்டிகள், டிரங்குகள், கயிறு இற்றுப்போன மூட்டைகள்.

அவற்றுக்கு நடுவே ஆட்கள்.

பெட்டிகளைப் போலவே அசையாமல் பெஞ்சியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு கயிறு; முடிச்சின் மேல் அரக்கு முத்திரை. கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர். மடியில் கை வைத்த பெண். காலணி இல்லாத ஒரு சிறுமி. அவர்கள் முகங்களில் கண்ணும் மூக்கும் தேய்ந்து, வெறும் மேடுபள்ளங்கள் மட்டும் மிச்சமிருந்தன. கடைசியில் நாத்தனார். அவள் முகம் இன்னும் முழுசாக இருந்தது. வலது கன்னத்தில் மச்சம்.

"எழுந்திரு, போலாம்," என்றாள் கடுகு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க யாரு?"

டக்.

பின்னால் பிரம்பு தரையைத் தட்டியது. அரக்கு நெடி மூக்கை அடைத்தது.

"இங்க உன்னுது ஏதாவது இருக்கா?"

"இருக்கு. இவ என்னுது."

"இல்லன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்," என்றாள் கடுகு. "பொழப்பே அதுதான். எல்லார்கிட்டயும் பொய் சொல்லுவேன். உன்கிட்டயும் சொன்னேன். இப்ப நெசத்தைச் சொல்றேன், எழுதிக்க. இவ என் நாத்தனார். எனக்கும் இவளுக்கும் ஒத்தே வராது. இருந்தாலும் இவ என்னுதுதான்."

நாத்தனார் கையிலிருந்த முத்திரை வெடித்துத் தெறித்தது. "அண்ணி," என்று அவள் மூச்சை இழுத்தாள், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவளைப் போல.

கடுகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வாசல் இல்லை. வாசல் இருந்த இடத்தில் சுவர்.

பிரம்பு பெஞ்சியின் மறு கோடிக்குப் போய், கிழவரின் தோளைத் தொட்டது.

"இது உன்னுதா?"

இல்லை என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. யாரோ எவரோ. உண்மையும் அதுதானே. அப்போது தன் பிடியிலிருந்த விரல்கள் சில்லிட்டு விறைப்பதை உணர்ந்தாள். நாத்தனார் கண்கள் மறுபடி மங்கின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்த ஆபீசர் தின்பது அந்த ஒரு சொல்லைத்தான். யாரைக் காட்டினாலும் சரி, ஒரு தடவை இல்லை என்றால் போதும். அவன் கை ஓங்கிவிடும்.

"என்னுதுதான்," என்றாள்.

கிழவரின் கையில் முத்திரை உடைந்தது. அவர் எழுந்து நின்றார்.

பிரம்பு வேகமாக நகர்ந்தது. இந்தப் பெண்? என்னுது. இந்தப் பையன்? என்னுது. இந்தச் சிறுமி? அடப்பாவி, குழந்தையைக்கூட விடலையா நீ, என்னுதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முத்திரை தெறித்தது. தேய்ந்த முகங்களில் மூக்கும் உதடுகளும் மெல்ல எழும்பின. அறை முழுக்கக் கால்கள் தரையில் உரசும் சத்தம். கடுகுக்குப் பயம் இருந்தது, ஆனாலும் அந்த நேரத்தில் பின்வாங்க அவளுக்கு மனசே இல்லை.

பெஞ்சி காலியானது.

பிரம்பு அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக வளைந்து திரும்பி, உடுப்புப் பொத்தானின் மேல் போய் நின்றது. அவனுடைய நெஞ்சில்.

அவன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். தொப்பிக்குக் கீழே அவர்களையெல்லாம்விட மோசமாகத் தேய்ந்து, வழவழவென்று ஒன்றுமே இல்லாத ஒரு முகம்.

"இது?"

குரலில் அதிகாரம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பவன் குரல் அது.

கடுகுக்கு அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்னுதுதான்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வழியை விடு."

சுவர் இருந்த இடத்தில் மழை தெரிந்தது. நாத்தனாரோடு வெளியே வந்து பார்த்தபோது மற்றவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியை யாரோ கீழே அழுத்துகிற மாதிரி இருக்கிறதே என்று முனகினார். பாதி சீட் காலியாக இருந்தும், ஆட்களை அடைத்துக்கொண்டு போகிற பஸ்ஸைப் போல அது மேடேறத் திணறியது. போன் அடித்தது. கணவன்தான். தங்கச்சி சாப்பிட்டாளா, அவளை நனையவிடாதே என்றான். கடுகு சரி என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கடுகு அவளைத் தள்ளிவிடவில்லை.

வழியில் யாரும் மணியடிக்காமலே டிரைவர் அங்கங்கே பிரேக் போட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கதவு திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் பஸ் ஒரு பொட்டு லேசாகும். அவரவர் ஊர் வந்ததும் அவரவர் இறங்கிக்கொள்கிறார்கள் என்று கடுகு நினைத்துக்கொண்டாள். போய்ச் சேருங்கள் என்று முணுமுணுத்தாள்.

தெருமுனையில் இறங்கி இருவரும் வீட்டுப் படியேறினார்கள். கணவன் கதவைத் திறந்து தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். அவளை உள்ளே அனுப்பிவிட்டு மனைவியின் தோளுக்கு மேலாகப் பார்த்தான். அவன் குரல் தானாகவே தணிந்தது.

"உன் பின்னாடி தொப்பி போட்டுட்டு நிக்கிறாரே, அவர் யாரு?"

அரக்கு நெடி அவள் பிடரியில் சூடாகப் பட்டது. கடுகு திரும்பிப் பார்க்கவில்லை. ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நம்ம ஆளுதான். வரட்டும்," என்றாள், பின்னால் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி. "ஆனா இது என் வீடு. இங்க கேள்வி கேக்கறது நான்."

அவள் உள்ளே நடந்தாள். கணவன் ஏதோ கேட்க வாயெடுத்து, வாசலையே பார்த்தபடி ஒதுங்கி வழி விட்டான். யாரும் தொடாமலே கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பிறகு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் விழுந்தது.