கூடத்தில் எரிந்த அகல்

குறிஞ்சி அடுக்ககத்தில் கார்த்திகை விளக்கை வாசலுக்கு வெளியேதான் ஏற்றுவார்கள். உள்ளே எரியாது. கதவுக்கு வெளியே, நடைக்கூடத்தில் இருப்பது கோயமுத்தூர்க் காற்று. வீட்டுக்குள் இருப்பது லடாக் காற்று. நடுவில் இரண்டு கண்ணாடிக் கதவுகள், இடையே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு பொந்து. அகலை ஏந்திக்கொண்டு உள்ளே போனால், இரண்டாம் கதவு திறந்ததுமே சுடர் குறுகி, நீலம் பூத்து அணைந்துபோகும். "மலையேறிடுச்சு" என்று சொல்லிவிட்டு மின்விளக்கைப் போட்டுக்கொள்வார்கள். நெருப்பே வேலை செய்யாத வீடுகளில் தீப்பெட்டி எதற்கு? வருடத்துக்கு ஒரு நாள் சுகந்தி ஒரு பெட்டி வாங்கி வாசலில் வைப்பாள். அந்த மாடி முழுக்க அதில்தான் விளக்கேற்றும்.

வீட்டுக்கு ஒரு மெல்வளிப் பொறி. பின்கட்டில் பீரோ போல நிற்கும். காற்றிலிருந்து உயிர்வளியில் பாதியைச் சலித்தெடுத்து வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குள் விடும். காற்று மெலிந்தால் உடம்பு பயந்துகொண்டு சிக்கனமாக நடக்கும். இரத்தத்தின் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தாமே இழுத்து விழுங்கும். மூப்பும் நடையைத் தளர்த்திக்கொள்ளும். முதல் மாதம் தலை வலிக்கும். அதற்குப் பிறகு ஊசி இல்லை, மாத்திரை இல்லை. எழுபது வயதுக்காரர்கள் கீழ்த்தளத்துக் கடையில் ஜாங்கிரிக்கு வரிசையில் நின்றார்கள்.

சில நட்டங்களும் உண்டு. மெல்வளியில் வாய்விட்டுச் சிரிக்க முடியாது, பாட முடியாது, சண்டை போடுவது மகா சிரமம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு ஆகும். புறம் பேச இரண்டு மூச்சு. அதனால் புறம் பேச வேண்டியவர்கள் நடைக்கூடத்துக்கு வரவேண்டியிருந்தது. தவறாமல் வந்தார்கள்.

அப்படி வந்து பேசியதில்தான் சுகந்தியின் பெயர் அடிபட ஆரம்பித்தது. சுகந்தியும் அவள் கணவர் தயாபரனும் ஒன்பது வருடமாக மெல்வளியில் இருப்பவர்கள். சுகந்தியின் அம்மாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போயிற்று, முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும். கூடவே இருந்து கட்டுப் போட்டவள் சுகந்தி. அதனால் இன்றைக்கும் காலையில் எழுந்ததும் தன் கால் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவாள். மெல்வளி வந்தபோது அந்த மாடியில் முதலில் பொறி வாங்கிய வீடு அவளுடையது.

அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த வருடம் சர்க்கரை ஏறத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, சொல்லிவைத்தது மாதிரி. அவள் ஜாங்கிரியை விட்டாள். காப்பியில் இனிப்பை விட்டாள். பிறகு இரவுச் சோற்றையும் விட்டாள்.

"நாக்கைக் கட்டோணும் சுகந்தி," என்று தயாபரன் நடைக்கூடத்தில் நாலு பேர் நடுவே சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது.

எதிர்வீட்டு ரேணுகா மட்டும் வேறொன்றைக் கவனித்திருந்தாள். அவள் கவனிக்காதது அந்த மாடியில் நடந்ததில்லை.

"ஏனுங்கக்கா, இப்பெல்லாம் சமையக்கட்டுல பாட்டுச் சத்தம் கேக்குதே? எங்களுக்கெல்லாம் ஒரு வரி பாடினா ரெண்டாவது வரிக்கு நாக்குத் தள்ளுது. உங்களுக்கு மட்டும் மூச்சு எங்கிருந்து வருது?"

"பட்டினி கெடந்தா உடம்பு லேசாகும், ரேணு," என்றாள் சுகந்தி.

கார்த்திகையன்று சாயங்காலம் மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. நடைக்கூடத்து அகல்கள் ஒவ்வொன்றாக அணைய, சுகந்தி ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று கையில் எடுத்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு பொந்துக்குள் நுழைந்தாள். மழை விடும்வரை அங்கேயே நிற்பதாகத்தான் எண்ணம். முழங்கை பட்டு உள்கதவு திறந்துகொண்டது. ஐயோ, போச்சு என்று அவள் அகலைப் பார்த்தாள்.

அகல் எரிந்துகொண்டிருந்தது.

மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது. அவள் ஓரடி உள்ளே வைத்தாள். எரிந்தது. கூடத்துக்கு நடுவே கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு சுடரின் ஒளி ஆடியது. வெளிக்கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற ரேணுகாவும் பார்த்தாள். அப்புறம் மாடிக்கே தெரியாமல் இருக்குமா?

பொறி பழுது என்று நினைத்துச் சுகந்தி வளிப்பணியாள் இம்மானுவேலை அழைத்தாள். கீழ்த்தளத்திலேயே இருப்பவன், உடனே வந்தான். ஆறுதல் சொல்லும் சாக்கில் அக்கம்பக்கமும் கூடத்துக்குள் வந்து சுவரோரம் நின்றது. தயாபரன் நாற்காலியில் உட்கார்ந்து அகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இம்மானுவேல் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "பொறியில ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. உயிர்வளி விடற திருகைத்தான் யாரோ ஏத்தி வெச்சிருக்காங்க. ஒரே நாள்ல இல்ல, துளித் துளியா."

"யாரு?"

அவன் சங்கடமாக நெளிந்தான். "திருகு இருக்கற பெட்டி உங்க ரெண்டு பேரு பெருவிரலுக்குத்தானுங்க தெறக்கும்."

சுகந்தி தன் பெருவிரலைப் பார்த்தாள். அப்புறம் கணவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க?"

தயாபரன் அகலிடம் சொல்வது போலச் சொன்னார். "போன கார்த்திகைக்கு முந்தியே டாக்டர் சொல்லீட்டாரு. என் இருதயத்துக்கு மெல்வளி இனி ஆகாதாம். கீழ சாதாக் காத்து இருக்கற நெறவளி வீட்டுக்குப் போயிருங்கன்னாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல."

"சொன்னா நீயும் கூடவே வந்திருப்பே. உனக்குச் சர்க்கரை ஏறியிருக்கும்."

"இப்ப ஏறலீங்களா?"

"மெதுவாத்தான ஏறுச்சு," என்றார் தயாபரன்.

சுவரோரம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். சுகந்தி எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அது மூச்சுப் பஞ்சத்தால் இல்லை. இப்போது அவள் வீட்டில் வேண்டிய மட்டும் காற்று இருந்தது.

"நாக்கைக் கட்டுன்னு சொன்னீங்க," என்றாள். "நாலு பேரு முன்னாடி."

அவர் திரும்பவும் அகலைப் பார்த்தார்.

"பட்டினி கெடந்தேன். சோத்துத் தட்டு முன்னாடி நீங்க உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க? வெரலெல்லாம் மரத்துப் போகுதுங்கன்னு அன்னிக்கு அழுதேன். கால எடுத்து மடியில வெச்சு அமுக்கி விட்டீங்க. அப்பவும் சொல்லத் தோணலீங்களா?"

"நான் முந்திப் போயிட்டா நீ முப்பது வருசம் தனியாக் கெடக்கோணும் சுகந்தி. நெனச்சுப் பாத்தேன், தாங்கலே. ரெண்டு பேரும் ஒண்ணா வயசாகி..."

"அத நான் நெனச்சுப் பாத்திருக்கோணும். என்னோட முப்பது வருசம்." அவள் குரல் உயரவே இல்லை. "கேட்டிருந்தா வந்திருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். வரமாட்டேன்னு சொல்லீட்டா என்ன பண்றதுன்னுதான கேக்கல?"

தயாபரன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

இம்மானுவேல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பழைய அளவுக்கே வெச்சிரட்டுங்களா, அம்மா? அரை மணியில எறங்கீரும். உங்களுக்கு நாலு நாள் தல வலிக்கும், சரியாப் போயிரும். ஐயா மட்டும் இங்க இருக்கக் கூடாது. அவருக்குக் கீழ வீடு காலியாத்தான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, இப்பிடியே இன்னும் ஏத்திக்கிட்டுப் போறதுன்னாலும் போலாம்," என்றான்.

சுகந்தி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவள் என்ன எண்ணுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"வைங்க தம்பி," என்றாள்.

பின்கட்டில் பொறி உறுமத் தொடங்கியது.

தயாபரன் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாதவராக, தன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "இப்பவேவா?"

"வெளக்கு எரியற வரைக்கும் இருங்க."

அவர் உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். மேசைமேல் அகல். அவர் ஒருமுறை திரியைத் தூண்டிவிடக் கை நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்.

இதற்கு மேல்தான் சுவாரசியமே. இப்படி ஒரு காட்சி அந்த மாடிக்கு வாய்த்து எத்தனை காலம்! வழக்கமாக இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் ரேணுகா நகர்ந்திருக்க மாட்டாள். ஆனால் அன்று அவள்தான் முதலில் கிளம்பினாள். "வீட்டுல அவரு தனியா இருக்காரு," என்று யாரும் கேட்காத பதிலைச் சொல்லிக்கொண்டு போனாள். அவள் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இருவர். பொந்து வழியாக ஒவ்வொருவராக வெளியேறுவது தெரிந்தது. சுகந்தி வாசலில் ஒவ்வொருவரும் குனிந்து நிமிர்ந்ததும் தெரிந்தது.

சுடர் குறுகிற்று. விளிம்பில் நீலம் பூத்தது. தயாபரனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மார்பைக் கையால் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. சுகந்தி அவரையும் சுடரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து தானே ஊதி அணைத்தாள்.

"கெளம்புங்க," என்றாள். "கீழ போயி நல்லா மூச்சு விடுங்க."

அவர் போனார். வெளிக்கதவு அடைந்துகொண்டது.

மழை விட்டபின் அணைந்த அகல்களை எடுக்க அவள் வாசலுக்கு வந்தாள். நடைக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. புறம் பேச ஓர் ஆள் இல்லை. மூடிய கதவுகளின் கண்ணாடிகளுக்குப் பின்னால் மின்விளக்குகளை அணைத்திருந்தார்கள்; இரண்டு வீடுகளில் வெறும் இருட்டு. ரேணுகா வீட்டுக் கூடத்தில் மட்டும் ஓர் அகலின் சிறு மஞ்சள் வெளிச்சம், அணையாமல்.

சுகந்தி குனிந்து தன் தீப்பெட்டியை எடுத்தாள். காலையில் வாங்கிய புதுப் பெட்டி. சாயங்காலம் மாடி முழுக்க விளக்கேற்றியும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. உள்ளே ஒரு குச்சி கூட இல்லை.