தலைவரின் சட்டலைட் கார்ட்

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு உலகத்தில் நடந்த மிகப் பெரிய சம்பவம், றக்வானைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஒரு மடிக்கணினி வந்ததுதான்.

இப்படிச் சொன்னவர், அதை அன்பளிப்புச் செய்த பாலசுப்பிரமணியம். கஹவத்தையில் கடை வைத்திருப்பவர். கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எல்லாவற்றுக்கும் அவரே தலைவர் என்பதால், பெயர் சொல்லாமல் 'தலைவர்' என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். நாற்பது நிமிடம் பேசினார். பேச்சு முடிவதற்குள் மடிக்கணினியின் பற்றரி தீர்ந்துவிட்டது.

அது பழைய மடிக்கணினி. அதன் பக்கவாட்டில் தபால் பெட்டிக்கு இருப்பது போல அகலமான, மெல்லிய ஒரு வாய். அதற்குள் ஏதோ ஒரு கார்ட் செருகியிருந்தது. தலைவர் அதைத் தொடாமல் சுட்டிக்காட்டினார்.

"இதுதான் சட்டலைட் கார்ட். இதுக்காகத்தான் இந்த மெஷினையே எடுத்தேன். ஒருத்தரும் கை வைக்கப்படாது."

ஒருவரும் கை வைக்கவில்லை. மற்ற இடத்தில் கை வைத்தவர் தலைவர்தான்.

வாணி விழா அன்று சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களோடு மடிக்கணினியும் வைக்கப்பட்டது. தலைவருக்குத் தாராளமான கை. மூடியில் சந்தனம் பூசினார். அது போதாதென்று, பென் டிரைவ் செருகும் இரண்டு ஓட்டைகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்து அமுக்கிவிட்டார். மறுநாள் சந்தனம் சீமெந்து போல இறுகியிருந்தது. பாடசாலை அதிபர் ஈர்க்குக் குச்சியால் தோண்டிப் பார்த்தார். சந்தனம் வரவில்லை. உள்ளே இருந்த நாக்குத்தான் உடைந்து வந்தது.

அன்றிலிருந்து அந்த மடிக்கணினிக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். வெளியே எடுக்க முடியாது.

பதினொரு மாதம் கழித்து, இது ஆறாம் ஆண்டு ஸ்டெபானியின் தலையில் வந்து விழுந்தது.

அவள்தான் மழைக் குழுவின் தலைவி. வெட்டிய போத்தல் ஒன்றில் அடிமட்டம் ஒட்டி, ஒரு வருடமாகத் தினமும் காலையில் மழையை அளந்தார்கள். "நீ போத்தல்ல அளக்கிறத நாங்க முதுகுல வாங்குறோம்" என்பாள் கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா தெரேசம்மா. கணக்கு எழுதிய கொப்பி ஒரு நாள் மழையில் நனைந்து கூழாகிவிட்டது. நல்ல வேளையாக எல்லாவற்றையும் மடிக்கணினியில் பதிந்து, அழகான வரைபடங்களாகவும் செய்து வைத்திருந்தாள்.

வருகிற திங்கட்கிழமை கல்வி வலயப் பாடசாலைகளின் கண்காட்சி. படங்களைப் பென் டிரைவில்தான் கொண்டுவர வேண்டுமாம். மடிக்கணினியையே தூக்கிப் போகலாமா என்று கேட்டதற்கு, அது பாடசாலை வாசலைத் தாண்டக்கூடாது என்பது தலைவரின் கட்டளை என்றார் அதிபர். வைஃபை எப்போதோ செத்துவிட்டது. ஒரு வருட மழையும் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஸ்டெபானி அந்தப் பக்கவாட்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்ட் போகிற வழி என்றால், கணினிக்கு உள்ளே போகிற வழியும் அதுதானே?

கணினி படிப்பிக்கும் சாள்ஸ் சேரிடம் கேட்டாள். சேர் நல்லவர், ஆனால் தலைவர் என்ற சொல்லைக் கேட்டாலே கழுத்துப்பட்டியைச் சரிசெய்வார்.

"தலைவர் கை வைக்க வேணாம்னு சொன்னாரே, பிள்ள."

"கை வைக்கத்தான் வேணாம்னாரு சேர். அடிமட்டத்தால தட்டலாந்தானே?"

சேர் யோசித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

அடிமட்டம் பட்டதும் கார்ட் 'டிக்' என்று வெளியே துள்ளியது. காற்றைப் போல இலேசாக இருந்தது. வெளிப்பக்கம் அகலம்; உள்ளே போகும் பக்கத்தில் ஒரு மூலை வெட்டப்பட்டு ஒடுங்கியிருந்தது. ஸ்டெபானி சேரின் போன் வெளிச்சத்தை அந்த வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். வாய் பெரிதாக இருந்தாலும், உள்ளே உலோகப் பற்கள் ஒரு ஓரத்தில் மட்டுமே இருந்தன.

சனிக்கிழமை அம்மாவோடு பஸ்ஸில் றக்வானைக்கு இறங்கினாள். பென்சில் பெட்டிக்குள் சட்டலைட் கார்ட் இருந்தது.

ஸம்சுதீன் நானா ரேடியோ, போன், கணினி எல்லாம் திருத்துகிறவர். கார்டை வாங்கிப் புரட்டினார். மேசையில் தட்டினார். சிரிப்பை அடக்குவதற்காகக் கூரையைப் பார்த்தார்.

"மகள், இது வெறும் பிளாஸ்டிக். வாய்க்குள்ள தூசி போகாம கம்பனிக்காரன் செருகி அனுப்புற மூடி."

அம்மாவின் முகம் விழுந்தது. ஸ்டெபானி விடவில்லை. இந்த வாயில் போடக்கூடிய, பென் டிரைவ் ஓட்டை உள்ள கார்ட் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள்.

நானா பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். அதில் இருந்து பளபளப்பான உலோகக் கார்ட் ஒன்றை எடுத்தார். நல்ல கனம். மூடியோடு வைத்துப் பார்த்தால் அகலம் அப்படியே ஒன்று. இதுதான், இதுதான் என்றாள் அம்மா.

ஸ்டெபானி அதைத் திருப்பினாள். செருகும் பக்கம் முழுவதும், இந்த முனை முதல் அந்த முனை வரை, இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இது சரிவராது நானா. உள்ளுக்குப் பல்லு ஒரு ஓரத்துலதான் இருக்கு. இது வாய் முழுக்கப் பல்லு தேடுது."

நானா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு விளக்கினார். கணினிக் கம்பனிகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, கார்டுக்கு இன்ன அகலம், இன்ன நீளம், இத்தனை முனை என்று ஒரு பொது அளவு எழுதினவாம். அது பிசி கார்ட். கொஞ்சக் காலம் போனதும் மறுபடி உட்கார்ந்து, வேகமான வேறொரு அளவு எழுதினவாம். அது எக்ஸ்பிரஸ் கார்ட். ஒன்று மற்றதற்குள் போகாது.

"வாயப் பாத்து ஏமாந்து, அந்தக் காலத்துல நானே ரெண்டு பேருக்குப் பிழையானதக் குடுத்திருக்கன்" என்றார் மெதுவாக.

டின்னின் அடியில் இன்னொன்று கிடந்தது. மெலிந்த கார்ட். வெளியே நீட்டியிருக்கும் தலையில் இரண்டு ஓட்டைகள். இவ்வளவு பெரிய வாய்க்கு இந்த நோஞ்சானா என்று அம்மா கேட்டாள். ஸ்டெபானி அடிமட்டத்தை எடுத்தாள். மூடியின் ஒடுங்கிய முனை முப்பத்து நான்கு மில்லிமீற்றர். நோஞ்சான் கார்டும் முப்பத்து நான்கு.

நானா அதை அவள் கையில் வைத்து மூடினார். கேட்க ஆளில்லாமல் கிடந்த சாமான், பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் சாள்ஸ் சேர் பாடசாலையைத் திறந்தார். மடிக்கணினி விழித்தது. ஸ்டெபானி மெலிந்த கார்டை வாயின் நடுவில் வைத்துத் தள்ளினாள். உள்ளே சரிவாக இருந்த ஒரு தடுப்பு அதைத் தானாகவே ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. வாயில் பாதி காலியாகவே இருந்தது. கார்ட் கொஞ்சம் ஆடியது. பிறகு, டிக்.

பென் டிரைவைச் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. சேர் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டார்.

பென் டிரைவில் சின்ன விளக்கு கண்ணடித்தது.

ஒரு வருட மழை ஒரு நிமிடத்தில் வெளியே வந்தது. சேர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது போதும், பஸ் போய்விடும் என்று அவரை எழுப்பியவளும் ஸ்டெபானிதான்.

கண்காட்சியில் பெரிய பாடசாலைகள் பலூனும் சரிகைத் தாளும் கட்டியிருந்தன. மழைக் குழுவிடம் போத்தல் மட்டும் இருந்தது. ஆனால் நடுவர் எந்தத் தேதியைக் கேட்டாலும் அன்றைய மழையை அங்கிருந்த கணினியில் படமாகக் காட்டினாள் ஸ்டெபானி. நடுவர் சோதிப்பதற்காகத் தன் மகளின் கல்யாண நாளைக் கேட்டார். தொண்ணூற்றாறு மில்லிமீற்றர் என்று பதில் வந்தது. உண்மைதான், பந்தலே சரிந்தது என்றார் நடுவர்.

முதலாமிடம். திரும்பி வரும் பஸ்ஸில் வெற்றிக் கிண்ணம் கடைசிச் சீட்டு வரை கைமாறிப் போய் வந்தது. சாரதி ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு அதிகமாக ஹோர்ன் அடித்தார். தொழிலாளர் லயத்து வாசலில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் கை தட்டினார்கள். தெரேசம்மா கிண்ணத்தை வாங்கி, தன் முதுகில் விழுந்த மழைக்கும் இதில் பங்கு உண்டு என்று எல்லோரிடமும் சொன்னாள்.

மறுநாள் தலைவர் மாலையோடு வந்தார். முதல் பார்வையிலேயே மெலிந்த கார்டைக் கண்டுவிட்டார்.

"என் சட்டலைட் கார்ட் எங்க?"

சாள்ஸ் சேர் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். உண்மை ஸ்டெபானியின் நாக்கு நுனியில் நின்றது. அவள் தலைவரைப் பார்த்தாள். மாலை அவருக்கல்ல, அவளுக்காக வாங்கிவந்தது. பூக்களெல்லாம் இன்னும் ஈரமாக இருந்தன.

"பத்திரமா எடுத்து வச்சிருக்கோம் ஐயா. உள்ளுக்கே இருந்தா தேஞ்சிரும்."

தலைவர் மலர்ந்தார். அப்படித்தான் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றார். பரிசு கிடைத்ததே அந்தக் கார்டின் பலன்தான் என்றும் சொன்னார்.

அடுத்த மாதம் மறுபடி வாணி விழா வந்தது. மேசை அடுக்கும் வேலையை ஸ்டெபானி கேட்டு வாங்கிக்கொண்டாள். மடிக்கணினியை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டு வைத்து, பட்டுத் துணி விரித்து, அதன் நடுவில் சட்டலைட் கார்டை வைத்தாள்.

தலைவர் தாராளமான கையால் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, இரு கரம் கூப்பி, ஐம்பது நிமிடம் பேசினார்.

அது தூசி தடுக்கும் மூடி.