மூன்றாவது பெட்டியில் நின்ற பெயர்

அன்று பிற்பகல் எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரிய கிளாக்கர் செல்லசாமியாகிய நான், என் மகன் ஜெயகாந்தன், கம்பியூட்டரைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து இன்ஜினியர் றமணன், தேநீர் கொண்டுவரும் மீனம்மா. ஐந்தாவதாக எவரும் உள்ளே வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம். றொசல்லை ஸ்டேஷனில் இறங்கி மழையில் நடந்து வந்த றமணனின் காலில் மூன்று அட்டைகள்.

"உங்கட அட்டையளுக்கு யாழ்ப்பாண ரத்தம் நல்லாப் பிடிச்சுப்போச்சு, ஐயா" என்று சிரித்தபடி உப்பைத் தடவினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்கங்காணி வீரய்யாவின் மகன் நான். கந்தோர்த் தரையில் அட்டை சுருண்டு ரத்தம் கக்குவதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

மேசையில் மூன்று கம்பியூட்டர் பெட்டிகள். முதலாவதில் எழுதுவதை இரண்டாவது பிரதி எடுக்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவது எடுக்கும். எல்லாம் என் மகன் செய்த ஏற்பாடு. அது தேறினால் திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவனே பொறுப்பாவான் என்று பேசப்பட்டது.

அன்று சோதித்தது தற்காலிக அட்டவணையை. எங்கள் தோட்டத்தில், நாளாந்தம் வந்து போகும் ஆட்களின் பெயர் சம்பளப் பேரேடான செக்ரோலில் ஏறாது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் பென்சிலால் ஒரு தாளில் எழுதுவோம். மாலையில் தலை எண்ணிச் சரிபார்த்து ரப்பரால் அழித்துவிடுவோம். அந்த வழக்கத்தையே மகன் கம்பியூட்டருக்குப் பழக்கியிருந்தான். முதலாவதில் இணைப்பை மூடியதும் அட்டவணை மூன்றிலும் மறைய வேண்டும். நடுப்பெட்டியை இடையில் அணைத்து எழுப்பினாலும், அழிக்கும் கட்டளை மூன்றாவதைச் சென்றடைய வேண்டும்.

றமணன் மூன்று பொய்ப் பெயர்களை அடித்தார். நடுப்பெட்டியை அணைத்து எழுப்பினார். இணைப்பை மூடினார்.

முதலாவது வெறுமை. இரண்டாவது வெறுமை.

மூன்றாவதில் ஒரு வரி நின்றது.

"காளியாயி. ஏழாம் நம்பர் மலை" என்று றமணன் வாசித்தார். "ஐயா, இது நான் அடிச்ச பேர் இல்லை."

"அப்பா, நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா?" என்று மகன் கேட்டான். நான் எந்தக் காலத்திலும் அந்தப் பெட்டிகளைத் தொட்டதில்லை.

அவன் அந்த வரியை அழித்தான். திரும்பி வந்தது. மறுபடி அழித்தான்.

அப்போதுதான் நாற்றம் எழுந்தது. ஈரமண்ணோடு அழுகிய கொழுந்தும் அதற்கடியில் வேறொன்றும் சேர்ந்த நாற்றம். மூன்றாவது பெட்டியின் எழுத்துக் கட்டைகளுக்கிடையே சேறு கசிந்தது. சேற்றிலிருந்து ஒரு அட்டை தலை நீட்டியது. பிறகு இன்னொன்று. ஊதிப் பருத்து, பளபளவென்று.

அவற்றை யாரும் தொடவில்லை.

மீனம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்க ஆத்தா பேருங்க அது."

அறுபத்தொன்பதில், கொழுந்து பறிக்கும் ஏழாம் மலை மழையில் சரிந்தது. நாட்கூலிக்கு வந்துபோன காளியாயியை அன்று மாலையிலிருந்து காணவில்லை. பாத்திர வியாபாரியோடு ஓடிப்போனாள் என்று தொழிலாளர் லயம் முழுக்கச் சொன்னது. மீனம்மா அப்போது கைக்குழந்தை. ஓடிப்போனவள் மகள் என்று ஏசியே அவளை வளர்த்தார்கள். அந்தப் பேச்சால் அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் நின்றுபோனதும் எனக்குத் தெரியும்.

பேர் ஒத்துப்போகும், போய் வேலையைப் பார் என்றேன். அவள் அசையவில்லை.

"ஓடிப்போனவ பேரு ஏங்க மலையில இருக்கு, பெரிய ஐயா?"

அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. என் மகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வேட்டி நுனியால் மூக்கை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவனே ஆட்களைக் கூட்டிப்போய் ஏழாம் மலையில் தோண்டினான். ஐந்தடி ஆழத்தில் கொழுந்துக்கூடையின் கயிறு. அது எலும்புக்கூட்டின் நெற்றியில் மாட்டியபடியே இருந்தது. மீனம்மா கயிற்றைத் தன் சேலையால் துடைத்தாள். தோட்டத்தார் எல்லோரும் நின்று பார்த்தார்கள். முறையாக எல்லாம் செய்து அடக்கினோம்.

மூன்றாவது பெட்டியை உடைத்துக் குப்பையில் போட்டாயிற்று. புதிதாக ஒன்று வந்தது. பெயர் எதுவும் அடிக்காமலேயே, முதல் நாள் காலை அதில் ஒரு வரி நின்றது. அதே பெயர், அதே மலை. இன்றும் நிற்கிறது. காலையில் அதன் எழுத்துக் கட்டைகளைத் துடைக்கும் துணியில் சேறு ஒட்டுகிறது.

மலை சரிந்த அன்றைய பென்சில் தாளில் காளியாயியின் பெயரை அழித்தது வீரய்யா கங்காணிதான் என்று லயங்களில் பேசுகிறார்கள். அது தவறு. மழையில் ஏழாம் மலைக்கு ஆள் அனுப்பக்கூடாது என்று தோட்டத்துரை தடுத்திருந்தும் அனுப்பியவர் என் அப்பா, அதை மறுக்கமாட்டேன். ஆனால் மண் சரிந்ததும் கந்தோருக்கு ஓடிவந்து, ஆள் குறையுதா என்று கேட்டவரும் அவரே. அப்போது சின்னக் கிளாக்கராக இருந்த நான் தாளைக் காட்டி, குறையவில்லை என்றேன். அவர் நம்பினார்.

ரப்பர் என் கையில் இருந்தது.