பட்டாணி விழுந்த நேரங்கள்

காலை ஆறேகாலுக்குப் பிரகாசி முதல் கம்பத்தடியில் நின்றாள். கம்பத்தின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு. அதில் படிந்திருந்த உப்புத் தூசியை நீளக்கம்புத் தூரிகையால் துடைத்தாள், கைப்பலகைத் திரையில் எண்ணைச் சரிபார்த்தாள், அடுத்த கம்பத்துக்கு நடந்தாள். ஏழாம் வட்டத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு கம்பங்கள். தூத்துக்குடியின் எல்லா வட்டத்திலும் இந்நேரம் யாராவது ஒருவர் இப்படித் துடைத்துக்கொண்டிருப்பார்.

தெருவில் ஜன்னல்கள் அகலத் திறந்து கிடந்தன. எதிலும் கொசுவலை இல்லை. வாசல் பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரில் இரண்டு பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் அதட்டவில்லை. பத்து வருடம் முன்பு இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் தெருவே பதறியிருக்கும்.

பதினாறாம் கம்பத்தருகே கைப்பலகை அதிர்ந்தது. தலைமைக் கணினியிலிருந்து வழக்கமான உத்தரவு. அவள் படித்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பத்து நிமிடத்துக்குள் மனிதக் கை ஒன்று சம்மதித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வாரத்தில் மூன்று தடவை செய்வதுதான்.

பத்தொன்பதாம் கம்பத்துக்குப் போவதற்குள் கணவன் ஜெரோன் கூப்பிட்டான்.

"மறுபடியும் விழுந்துட்டு, பிரகாசி."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம். இந்தத் தடவ நாக்கக் கடிச்சிட்டு. ரத்தம். நீ வாறியா?"

அவள் தூரிகையைக் கம்பத்தில் சாய்த்துவைத்துவிட்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் வளர்க்கும் நாய் பட்டாணி, ஜெரோனின் மடியில் கிடந்தது. மூன்றரை கிலோ எடை, பழுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தது, பாதியிலேயே ஓய்ந்துவிட்டது.

நான்கு மாதமாக இப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும், தூங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று கட்டைபோல விறைத்துச் சாயும். கால்கள் காற்றில் துழாவும். பிறகு எழுந்து, யாரென்றே தெரியாததுபோல வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும். இத்தோடு பதினேழு முறை. ஒரு முறைகூடப் பிரகாசி அதை நேரில் பார்த்ததில்லை.

"நீ வீட்ல இருக்கும்போது வரவே மாட்டேங்குது," என்றான் ஜெரோன். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆனாலும் அவளுக்கு அப்படித்தான் கேட்டது.

அவன் படகு மோட்டார்களைப் பழுது பார்ப்பவன். அவர்கள் மகள் அன்சி பத்து வருடம் முன்பு, ஐந்து வயதில் செங்காய்ச்சலில் போனாள். அந்த வருடம் ஊரில் நாலாயிரம் பேர் போனார்கள். கொசு கடித்த மூன்றாம் நாள் காய்ச்சல், ஆறாம் நாள் முடிவு. பிழைத்தவர்களும் உண்டு, அன்சி பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெரோன் இரண்டு வருடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் துறைமுகத்தில் அநாதையாகக் கிடந்த ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். அன்று மாலை அடுப்படியில் நின்ற பிரகாசி, கூடத்தில் அவன் யாருடனோ பேசும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். பட்டாணியுடன் பேசிக்கொண்டிருந்தான்.

கால்நடை மருத்துவர் தாஹிரா பார்க்காத சோதனை இல்லை. நோயறிவி என்னும் கணினிப் பெட்டி ஒவ்வொரு முறையும் பதினான்கு நோய்களைப் பட்டியல் போடும், ரத்தத்தையும் மூளை ஸ்கேனையும் பார்த்துப் பதினான்கையும் அடித்துவிடும். வலிப்பு மாத்திரை பலிக்கவில்லை. கடைசியாகத் தாஹிரா, பட்டாணியை ஆறு நாள் கண்காணிப்பு அறையில் வைத்துக்கொண்டார். ஒன்றுமே நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே இன்று மறுபடி விழுந்திருக்கிறது.

பட்டாணியை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். நாக்கில் மருந்து தடவிவிட்டுத் தாஹிரா கேட்டார்: "அக்கா, இங்க இல்லாதது ஒங்க வீட்ல என்ன இருக்கு?"

"சாப்பாடு இங்கயும் அதே சாப்பாடுதான், டாக்டரம்மா. பாயைக்கூடக் கொண்டுவந்து போட்டேன்."

"அந்த அறைச் சுவர்ல மூணு அடுக்குப் பஞ்சு வச்சிருக்கு. ஒண்ணு குரைச்சா மத்ததுக்குக் கேக்கக் கூடாதுன்னு." தாஹிரா யோசித்தபடியே சொன்னார். "வீட்ல ஏதாச்சும் சத்தம் உண்டா? மோட்டார், மிக்ஸி?"

"ஒரு சத்தமும் கெடையாதே," என்றான் ஜெரோன்.

பிரகாசி கைப்பலகையை வெளியே எடுத்தாள். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள்.

அவள் துடைக்கும் தட்டுகள் எல்லாம் சதா ஒலித்துக்கொண்டிருப்பவை. மனிதக் காதுக்கு எட்டாத ஒலி. அது படும் இடத்தில் கொசுவின் சிறகு தன் தாளத்தை இழக்கும். பறக்க முடியாமல் விழும். அதற்கு ஒலிவேலி என்று பெயர். ஒன்பது வருடமாக வேலிக்குள் ஒருவரும் செங்காய்ச்சலில் சாகவில்லை. கொசு பழகிவிடக் கூடாதென்று ஒலியின் வரிசையை அடிக்கடி மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றமும் ஐந்து நொடி உரத்த துடிப்போடு தொடங்கி அடங்கும். பழைய வரிசைகள் ஆறு. ஏழாவதைச் சேர்த்து நான்கு மாதம் ஆகிறது.

அவள் ஏழாம் வரிசையின் நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஜெரோன் தன் நோட்டைப் பார்த்து, பட்டாணி விழுந்த நேரங்களைச் சொன்னான். நான்காவது நேரத்தோடு நோட்டை நீட்டிவிட்டான். தாஹிரா நோட்டை வாங்கி மீதியைப் படித்தார். பதினேழும் பொருந்தின.

"சம்மதம் குடுக்கிறது யாரு?" என்றார் தாஹிரா.

"நான்தான்," என்றாள் பிரகாசி.

மறுநாள் மதியம் தாஹிரா வீட்டுக்கு வந்து பட்டாணியின் தலையில் சென்சார் தொப்பியை மாட்டினார். கண்ணால் பார்க்காமல் நோய் என்று எழுத முடியாது என்று சொல்லியிருந்தார். ஒரு வீட்டுக்கு மட்டும் சோதனைத் துடிப்பு அனுப்பும் வசதி பிரகாசியின் கைப்பலகையில் இருந்தது.

ஜெரோன் தரையில் அமர்ந்து பட்டாணியை அணைத்துக்கொண்டான். "வேண்டாம்ட்டி. நமக்குத்தான் தெரிஞ்சிபோச்சே."

"தெரியல, ஜெரோன் அண்ணே. ஊகம்தான்," என்றார் தாஹிரா. "ஊகத்துக்கு மருந்து கெடையாது."

பட்டாணி பிரகாசியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் வரும் என்ற எண்ணம். அவள் அழுத்தினாள்.

அறையில் எதுவும் கேட்கவில்லை. தெருவில் ஒருவன் மீன் கூவிப் போனான். பட்டாணி தலையைச் சரித்தது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல. பிறகு அதன் கண்கள் மேலே செருகின. முதுகு வில்லாக வளைந்தது. ஜெரோனின் கைகளுக்குள் அந்தச் சின்ன உடம்பு அடித்துக்கொண்டது. அவன் அதன் காதோரம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தான். பிரகாசி முகத்தைத் திருப்பவில்லை. பார்க்காமல் விட்ட பதினேழையும் அந்த மூன்று நிமிடத்தில் பார்த்தாள்.

முடிந்ததும் தாஹிரா தொப்பியைக் கழற்றினார். "ஒலிவலிப்பு. ஆயிரத்துல ஒரு நாய்க்கு மூளை இப்படி அமையும். காத அடைச்சாலும் எலும்பு வழியாப் போகும். ஒவ்வொரு தடவையும் மூளைல கொஞ்சம் வெந்துபோகுது. இன்னும் பத்துத் தாங்கலாம். இருபது தாங்காது."

"ஏழாவத நிறுத்தச் சொல்லேன்," என்றான் ஜெரோன். "நீ சொன்னா கேப்பாவ."

"மழைக்காலம் வருது. இப்ப இருக்கிற கொசு மத்த ஆறுக்கும் பழகிட்டு. ஏழாவதுதான் அதத் தடுத்து நிக்கவைக்குது," என்றாள் பிரகாசி.

"நம்ம வட்டத்துல மட்டும்?"

அவளால் முடியும். சம்மதிக்காமல் விட்டால் போதும். மேலிடம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். வட்டத்தில் அறுநூற்றுப் பதினான்கு வீடுகள். எந்தெந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் ஜெரோனைப் பார்த்தாள். அவனும் அதையே நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

"அத நான் கேட்டிருக்கக் கூடாது," என்றான்.

வேலிக்கு வெளியே, உப்பளங்களுக்கு அப்பால், இருநூறு பேர் கொசுவலைக்குள் வாழ்கிறார்கள். யாருக்காவது பட்டாணியைக் கொடுத்துவிடலாம் என்றாள் பிரகாசி. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை பார்த்தபோது, ஜெரோன் கருவிப்பெட்டியையும் ஒரு கொசுவலையையும் வாசலில் எடுத்து வைத்திருந்தான்.

"அங்கயும் படகு இருக்கு, மோட்டாரும் இருக்கு," என்றான். "கொடுத்துட்டு வர என்னால முடியாது பிரகாசி. ஒண்ண ஏற்கெனவே கொடுத்தாச்சி."

"காய்ச்சல் வந்தா?"

"வலைக்குள்ள படுப்பேன். முழுக்கைச் சட்ட போடுவேன். நீ ஞாயித்துக்கிழம எல்லைக்கு வா. கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்னே பேசலாம்."

அவள் வாக்குவாதம் செய்தாள், அழுதாள், பிறகு அவனுடைய முழுக்கைச் சட்டைகளைத் தேடி எடுத்து மடித்துக் கொடுத்தாள். எல்லைக் கம்பம் வரை கூடவே நடந்தாள். அங்கே பட்டாணியைத் தூக்கி அதன் வெள்ளைக் காதில் முகத்தை வைத்துக்கொண்டாள். கம்பத்தைத் தாண்டுமுன் ஜெரோன் ஒரு கணம் தயங்கினான். ஒன்பது வருடத்தில் அவன் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. பிறகு தாண்டினான்.

அவன் இருபது அடி போயிருப்பான். கைப்பலகை அதிர்ந்தது. ஏழாம் வரிசை. பத்து நிமிடம்.

எல்லைக் கம்பத்தின் ஒலி வெளிப்பக்கம் முந்நூறு மீட்டர் பாயும். "ஓடுங்க!" என்று கத்தினாள். "உத்தரவு வந்துட்டு! அதத் தூக்கிட்டு ஓடுங்க!"

ஜெரோன் பட்டாணியை வாரி எடுத்தான். உப்பள வரப்பு நேராகப் போகவில்லை, பாத்திகளைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று, வழுக்கியது வேறு. பெட்டியோடு விழுந்தான், எழுந்தான், பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். ஐம்பது வயது மனுஷன். நடுவில் மூச்சு வாங்கி நின்றான். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு ஆயிற்று. மீண்டும் ஓடினான். அவளுக்குப் பின்னால் ஊர் விழித்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. எட்டாம் நிமிடத்தில் அவன் முந்நூறு மீட்டர் குறிக்கல்லைத் தாண்டிவிட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெயிலில் கண் கூசியது. ஒன்பது. கட்டைவிரலைத் திரைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூரத்தில் ஒரு கை உயர்ந்தது.

அழுத்தினாள்.

ஐந்து நொடி. பத்து நொடி. ஜெரோன் குனிந்து பட்டாணியைத் தரையில் இறக்கினான். அது உடம்பை உதறியது, வரப்போரம் இருந்த நண்டு வளை ஒன்றில் மூக்கை நுழைத்தது, பின்வாங்கிக் குரைத்தது. மறுபடி நுழைத்தது. விழவில்லை. பிரகாசி சிரித்தாள், நான்கு மாதத்தில் முதல் முறை. கையை உயர்த்தி ஆட்டினாள்.

அவனும் பதிலுக்குக் கையை உயர்த்தினான். ஆனால் ஆட்டவில்லை. பாதியில் அந்தக் கை திரும்பி, அவன் கழுத்தில் படாரென்று அடித்தது.