கல் ஊட்டு மூடி

மலைமேல் கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி. தேவசிகாமணிக்கு அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்திருந்தது. கூட மனைவி மரியசெல்வி, அவள் இடுப்பில் இரண்டு வயது சாந்தாமேரி. ஆத்தூர் வெயிலில் வளர்ந்த மரியசெல்விக்கு அந்த மூடுபனியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடியும் பிடித்துத்தான் போயின.

எஸ்டேட் கொடுத்த வீடும் பரவாயில்லை. சமையலறையில் பாத்திரம் விளக்கும் மூலைதான் எந்நேரமும் சேறாகக் கிடந்தது.

"ஏனுங்க, இங்க ஒரு கல்லுப் போட்டுக் குடுங்க. கால் வெக்க முடியல," என்றாள்.

கல்லுக்கா பஞ்சம்? மேல்சரிவில் புதுக் காப்பிச் செடிக்கு இடம் திருத்திக்கொண்டிருந்தார்கள். நாலு பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே பெரிய கல்லொன்றை மூடியாக வைத்த, கல்வீடு போன்ற பழங்காலத்துப் புதைகுழிகள் அங்கே இருந்தன. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த அம்மாசி எஸ்டேட்டுக்குக் கூலிக்கு வருபவர். கடப்பாரையை ஊன்றியபடி சொன்னார்.

"எங்க முப்பாட்டனுங்க காஞ்சிப் பக்கமிருந்து மலையேறி வந்தப்பவே இந்தக் கல் ஊடுங்க இருந்துச்சாமுங்க. உள்ள ஆரை வெச்சாங்கன்னு ஆருக்கும் தெரியாது. ஆடு மேய்க்கறப்ப இதும்மேல உக்காந்துதான் களி திம்போம். ஒண்ணும் ஆனதில்லீங்க."

மூடிகளைப் பெயர்த்தார்கள். உள்ளே கறுப்பு ஈரமண்ணைத் தவிர எதுவும் இல்லை. அளவான ஒரு மூடியை டிராக்டரில் ஏற்றி வந்து சமையலறை மூலையில் பதித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் கல் வியர்க்கத் தொடங்கியது.

முதலில் மெல்லிய பிசுக்கு. துடைத்தால் துணியில் மஞ்சளாக ஒட்டியது. ஆறிப்போன ஆட்டுக்கொழுப்போடு எலி செத்த வாடையும் கலந்தது போல ஒரு நாற்றம். மரியசெல்வி சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஊறியது. நகக்கண்ணில் ஏறிய பிசுக்கு எத்தனை கழுவியும் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனவள் விரல் நாற்றத்தில் தட்டிலேயே உதறினாள். கரண்டியால் சாப்பிடப் பழகினாள். அதிலும் அந்த வாடை.

"மலைக் குளிருக்கு எல்லாக் கல்லும் வேர்க்கும் புள்ள," என்றான் தேவசிகாமணி. ஆனால் அவனும் வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டான்.

குழந்தையும் பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். சோற்றைத் துப்பினாள். ஆனால் இளைக்கவில்லை. கன்னம் பளபளவென்று உப்பியது. தொடையில் மடிப்பு விழுந்தது. தூக்கினால் கை வழுக்கியது.

எதைத் தின்று பருக்கிறாள்?

ஒரு நாள் மத்தியானம் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்த மரியசெல்வி அதைப் பார்த்தாள். சாந்தாமேரி கல்லின் மேல் குப்புறப் படுத்திருந்தாள்.

நக்கிக்கொண்டிருந்தாள்.

அவசரமில்லாமல், கண்ணை மூடி, கன்று தாய்மடியில் குடிப்பது போல. மூக்கு, தாடை எல்லாம் மஞ்சள் பிசுக்கு.

"சாமி! கண்ணு! துப்பு, துப்பு!"

விரலை விட்டு வழித்தாள். நூல் நூலாக வந்தது. குழந்தை அழவில்லை. திமிறிக்கொண்டு மறுபடி கல்லுக்கே போகப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சளக்... சளக்...

குழந்தையின் வாய் மூடியிருந்தது.

சத்தம் கல்லுக்கு அடியிலிருந்து வந்தது.

அவள் அலறலில் தேவசிகாமணி ஓடிவந்தான். பின்னாலேயே அம்மாசியும் கடப்பாரையோடு வந்தார். நெம்பியதும் கல் சப்பென்ற ஒலியோடு மண்ணை விட்டது. சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள்.

அடிப்பக்கம் முழுக்க விரல் தடிமனுக்குக் கொழுப்பு. பன்றித்தோல் உரித்தால் தெரிகிற மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாக. நடுவில், குழந்தை படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே, தாறுமாறாக நாக்குத் தடங்கள். உள்ளங்கை அகலத்துக்கு. இன்னும் எச்சில் காயாமல் மினுங்கின.

அம்மாசி வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்தபடி கிசுகிசுத்தார்.

"ரைட்டரய்யா... இப்பவே கொண்டுபோயி வெச்சரலாமுங்க. இருந்த எடத்துலயே."

பொழுது சாய்வதற்குள் கல்லை டிராக்டரில் ஏற்றிப்போய், இருந்த குழியின் மேலேயே கவிழ்த்தார்கள். திருத்துகிற இடத்தில் மறுபடி கல்லா என்று எஸ்டேட் மேனேஜர் கத்தினார். மறுநாளே வேலையை விட்டுவிட்டு ஆத்தூருக்கு இறங்கிவிட்டார்கள்.

ஊரில் குழந்தை தேறினாள். உப்பல் வடிந்தது. பால் குடித்தாள், ரசஞ்சோறு சாப்பிட்டாள். மரியசெல்வி கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

தை மாதத்தில் ஒரு நாள் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைவாய்ப் பல் முளைக்கிற வயசுதான். வெளிச்சத்தில் மடியில் படுக்க வைத்து, "ஆ காட்டு கண்ணு," என்றாள் அம்மா.

வீங்கிய ஈறு வெடித்து ஒரு பல் வெளியே வந்திருந்தது.

வெள்ளைப் பல் அல்ல. கறை ஏறிய, பழுப்பான, பெரியவர்களுடைய பல். பழங்காலத்தில் யாரோ கல்லும் உமியும் கலந்த தானியத்தை ஒரு ஆயுள் முழுக்க மென்றது போல, மேல்பக்கம் தட்டையாகத் தேய்ந்து போயிருந்தது.